பிள்ளைகள் கண்டு கற்றல்

பெற்றோர் தம் பிள்ளைகளுக்குத் தேடிவைக்கும் பொருள்கள் பல. அவற்றுள் நிலமும் வீடும் பொன்னும் கள்வராலும் வெள்ளத்தாலும் வழக்குகளாலும் அழியத்தக்கன. கல்வி ஒன்றே அழியாதது என்பர் பெரியோர். அது மெய்யே. ஆயினும் கல்வி பாடசாலையின் வாயிலிலே தொடங்குவதென்று நம்மவருட் பலர் கருதியிருக்கின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. பிள்ளை ஏடு தொடக்குமுன்னரே எண்ணிறந்த பாடங்களைக் கற்று முடித்துவிடுகின்றது. அப்பாடங்களுக்கு ஆசிரியர் யாவர்? புத்தகம் யாது? அவற்றிற் பிழை நேருமாயின் அப்பிழை யாரைச் சாரும்? இவற்றை இங்கே ஒருவாறு ஆராய்வாம்.

அறிவு பிறக்கும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறும் சைவசித்தாந்த நூல்கள். அறிஞருக்கு வகுத்த இம்மூன்றனையும் குழந்தையினிடத்து வைத்து நோக்குவோமாயின் வரிசை சிறிது மாறக் காண்போம். குழந்தை முதலிற் காண்கின்றது. பின்னர்த் தான் நம்பியவர் சொல்லும் உரையை ஏற்கின்றது. காரணங் கண்டு தானே துணியும் கருதலளவையோ மிகப் பிற்பட்டே அதனிடத்து முதிர்கின்றது. முற்றுமில்லை என்பது எம் கருத்தன்று. முதிர்தற்குக் காலம் வேண்டும் என்பதே கருத்து. இவ்வரிசையை மறந்தமையாலேயே நாம் பிள்ளைகளை வளர்க்குமிடத்துப் பெரும்பாலும் இடர்ப்படுகின்றோம்.

கல்முனைக் கரையோரத்திலே வாழும் நமக்கு இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. காரைதீவிலே ஒரு குழந்தை "அப்பா" என்று அழைக்கின்றது. அடுத்துள்ள சாய்ந்தமருதிலே மற்றொரு குழந்தை "வாப்பா" என்று அழைக்கின்றது. இரண்டும் தமிழ் பேசும் குழந்தைகளின் வாய்மொழியே. எதற்கும் இலக்கணம் படிப்பித்தவர் எவருமிலர். மருதமுனையிலே கைத்தறியின் பக்கத்தில் வளரும் பிள்ளை, நாடா ஓடுவதையும் மிதி ஏறியிறங்குவதையும் பல்லாண்டு பார்த்த பின்னரே தறியிற் கைவைக்கின்றது. கரைவலை இழுக்குமிடத்திலே ஐந்து வயதுச் சிறுவன் கயிற்றின் கடைத்தலையைப் பற்றிக்கொண்டு பெரியவர்களோடு பின்னடைகின்றான். அவனுடைய வலியினாலே வலை ஓரங்குலமும் அசைவதில்லை. ஆயினும் எப்பொழுது இழுப்பது, எப்பொழுது தளர்த்துவது, அலை வரும்போது எங்ஙனம் காலூன்றுவது என்பன அவனுடம்பிலே பதிகின்றன. பன் பாய் இழைக்கும் பெண்களின் அருகிலிருக்கும் சிறுமி, கழித்தெறிந்த பன்களைக்கொண்டு ஒரு சாணளவு பாய் இழைத்துத் தன் பாவையைக் கிடத்துகின்றாள்.

இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையையும், மணமான பின் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழும் வழக்கத்தையும் நெடுங்காலமாகப் பேணிவந்தவர்கள். ஆதலின் இங்குள்ள பிள்ளை தாய் தந்தையரை மாத்திரமன்றி, அம்மம்மாவையும் உம்மம்மாவையும், தாயின் சகோதரிகளையும், மாமன்மாரையும் நாடொறும் பார்த்தே வளர்கின்றது. இவரனைவரும் ஆசிரியரே, தாம் ஆசிரியர் என்பதை அவர் அறியாதிருத்தல் ஒன்றே குறை.

வழிபாடும் இவ்வாறே. முஸ்லிம்கள் தம் பிள்ளைகளை ஏழாம் வயதிலே தொழுகைக்கு ஏவுதல் வேண்டுமென்பது நபிகள் நாயகத்தின் போதனை. ஆயின் ஏவும் வயது வருமுன்னரே, மூன்று நான்கு வயதுப் பிள்ளை தந்தையின் பக்கத்தில் நின்று, அவர் குனியத் தானுங் குனிந்து, அவர் நெற்றி நிலந்தோயத் தன் நெற்றியையும் வைக்கின்றது. நம் வீடுகளிலே தாய் திருநீறு தரித்தலைக் கண்ட குழவி, கைக்கெட்டிய மாவை அள்ளி நெற்றியிற் பூசிக்கொள்கின்றது. பொருள் விளங்குமுன்னரே செயல் வந்துவிடுகின்றது. இதனை நகைத்து விடுதல் தகாது; கற்பித்தலுக்கு நிலம் இங்கேதான் பண்படுகின்றது.

இங்ஙனம் பார்த்துச் செய்தல் வெறுங் குரங்குச் சேட்டையோ எனின், அன்று. 2002ஆம் ஆண்டிலே ஹங்கேரி நாட்டறிஞர் கெர்கெலி முதலியோர் 14 திங்கள் நிரம்பிய குழந்தைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினர். ஒருத்தி தன் நெற்றியினால் ஒரு விளக்கை அழுத்தி ஏற்றிக் காட்டினாள். அவளுடைய கைகள் போர்வையைப் பற்றிக்கொண்டிருந்தபோது கண்ட குழந்தைகளிற் பெரும்பாலன, பின்னர்த் தம் கையாலேயே விளக்கை ஏற்றின; கைகள் சும்மா இருப்பவும் அவள் நெற்றியாற் செய்தமையைக் கண்ட குழந்தைகளிற் பெரும்பாலனவோ தாமும் நெற்றியாலேயே ஏற்றின. "கை வேலையாயிருந்தமையால் நெற்றியாற் செய்தாள்" என்பதும், "கை இருந்தும் இவ்வாறு செய்தாளாதலின் இதற்கேதோ காரணமுண்டு" என்பதும் அச்சின்னஞ் சிறு நெஞ்சங்களுக்குப் புலனாயின போலும். கருதலளவையின் முளை இங்கே காணப்படுகின்றது.

2005ஆம் ஆண்டில் ஹோர்னர், வைற்றன் என்னும் இருவர் நிகழ்த்திய மற்றோர் ஆராய்ச்சியும் சிந்திக்கத்தக்கது. ஒரு பெட்டியைத் திறத்தற்கு வேண்டிய செயலோடு வேண்டாத செயலையும் கலந்து காட்டினார்கள். உள்ளே நிகழ்வது தெரியுமாறு பெட்டி கண்ணாடிபோல் இருந்தபோது சிம்பன்சிக் குரங்கு வீண்செயலை விட்டொழித்தது. மூன்று நான்கு வயது மனிதக் குழந்தையோ அவ்வீண்செயலையும் விடாது செய்தது. குரங்கினும் குழந்தை அறிவிற் குறைந்ததோ? அற்றன்று. மூத்தோர் செய்வது காரணமின்றி இராது என்னும் நம்பிக்கையே அதனை அவ்வாறு செய்வித்தது எனலாம். ஒரு தலைமுறையின் மொழியும் தொழிலும் ஒழுக்கமும் அடுத்த தலைமுறைக்குச் செல்வது இந்நம்பிக்கை என்னும் பாலத்தின் மேலேயாம். அப்பாலத்தின் மேல் நன்மை மாத்திரம் செல்வதில்லை. தீமையும் அவ்வாறே செல்லும். மூத்தோருக்கு அச்சந் தரவேண்டிய உண்மை இதுவே.

இனிப் பருவம் என்பதனை நோக்குவாம். நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியை உற்று நோக்கியவர்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமே போதிய சான்று. அது காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை உடையது. மூன்றாந் திங்கள் தொடங்கி ஒற்றைப்பட்ட திங்களாக எண்ணி இப்பருவங்களை அமைப்பர் பாட்டியலாருட் சிலர். இரு கையும் நிலத்தூன்றித் தலைநிமிர்ந்து ஆடுதல் செங்கீரை, கைகொட்டுதல் சப்பாணி, தளர்நடையிட்டு வருதல் வாரானை, வானத்துத் திங்களை விளையாட அழைத்தல் அம்புலி. ஆண்பாற்கு இறுதியில் வரும் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்பன யாவும் பெரியோர் வாழ்க்கையைப் பார்த்துச் செய்யும் விளையாட்டுக்களாதலைக் காண்க. முதலிலே உடம்பு, பின் கை, பின் கால், பின் மொழியோடு கூடிய கற்பனை, பின் போலச்செய்தல் என இவ்வரிசை அமைந்திருத்தல் வியக்கத்தக்கது.

ஆயினும் இத்திங்கட் கணக்கை அளவுகோலாகக் கொண்டு அண்டைவீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிட்டு வருந்துதல் பேதைமை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்னும் ஐந்து நாடுகளின் நலமுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, துணையின்றி உட்காருதல் 3.8 திங்கள் முதல் 9.2 திங்கள் வரையிலும், துணையின்றி நடத்தல் 8.2 திங்கள் முதல் 17.6 திங்கள் வரையிலும் நிகழ்வது இயல்பு. ஒரு குழந்தை எட்டாந் திங்களில் நடக்கலாம், மற்றொரு குழந்தை பதினேழாந் திங்களில் நடக்கலாம், இரண்டும் நலமுள்ளனவே. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் நூற்றுக்கு நான்கு என்னும் அளவில் அவ்வாராய்ச்சியிற் காணப்பட்டன.

உள்ளத்தின் வளர்ச்சியும் இத்தகையதே. சுவிற்சர்லாந்து நாட்டறிஞர் பியாஜே (1896–1980) குழந்தைகளோடு உரையாடியும் அவற்றின் செயலை நோக்கியும் பருவங்கள் நான்கு வகுத்தார். இரண்டு வயது வரையிற் புலனும் உடலசைவுமே அறிவு. ஏழு வயதளவும் சொல்லும் கற்பனையும் தழைக்கும், ஆயின் அளவும் காரணமும் உறுதிப்படா. பதினொரு வயதளவும் கண்முன் உள்ள பொருள்களைப்பற்றி முறையாக எண்ணும் ஆற்றல் உண்டாம். அதன்பின்னரே கண்முன் இல்லாதவற்றையும் எண்ணித் துணியும் ஆற்றல் அரும்பும். அவர் காட்டிய நீர்ச்சோதனை யாவராலும் செய்துபார்க்கத்தக்கது. அகன்ற பாத்திரத்து நீரை ஒடுங்கி உயர்ந்த பாத்திரத்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் கண்முன்னே ஊற்றினால், நீர் மிகுந்துவிட்டது என்று அது சொல்லும். எட்டு வயதுப் பிள்ளை, "அதே நீர்தானே" என்று நகைக்கும். முன்னையதை அடித்தும் திட்டியும் அவ்வுண்மையை உணர்த்த முடியாது. ஊற்றியும் மீள ஊற்றியும் தானே காணும்படி விடுதல் ஒன்றே வழி. பின்வந்த ஆராய்ச்சியாளர் இவ்வயதெல்லைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகா என்றும், பியாஜே நினைத்ததனினும் இளங்குழந்தைகள் மிகுதியாக அறிவன என்றும் காட்டியுள்ளனர். படிமுறை உண்டு என்னும் கருத்து அதனால் வீழ்ந்துவிடவில்லை.

இப்படிமுறையை உணர்ந்தன்றோ ஆறுமுக நாவலர் (1822–1879) பாலபாடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச்செல்லும் வண்ணம் இயற்றினார்! 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அப்பெரியார், சிறுவர் கையிற் பெருநூல்களைத் திணித்து மனனஞ் செய்விப்பதே கல்வியென்று கொள்ளாமல், எழுத்தும் சிறு சொற்றொடருமாகத் தொடங்கி நீண்ட வசனத்துக்குப் படிப்படியாக அழைத்துச் சென்றார்.

இன்று நாம் செய்வது என்னை? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஒன்று நம் நாட்டிலே உளது. வறிய பிள்ளைகளுக்குப் பொருளுதவியும் நல்ல பாடசாலைகளில் இடமும் கிடைக்கச் செய்தல் அதன் பயன், அது போற்றத்தக்கதே. ஆனால் அதனைப் பெற்றோர் தம் மானத்தின் அளவுகோலாக்கிவிட்டனர். பத்து வயது நிரம்பாத பிள்ளை விடியலிலும் மாலையிலும் தனி வகுப்புக்களிலே அடைபட்டு, விளையாட்டையும் உறக்கத்தையும் இழக்கின்றது. வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளையை நோக்கி, "நீ உதவாய்" என்று வீட்டிலுள்ளோர் சொல்லுஞ் சொல் அதன் நெஞ்சிலே ஆணிபோல் அறைகின்றது. பிறந்து ஐந்தாண்டு வரையிலும் பேசாதிருந்து பின்னர்த் திருச்செந்தூர் முருகன் அருளாற் பாடினார் குமரகுருபர சுவாமிகள் என்பது நம்மவர் போற்றும் வரலாறு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் தந்தவர் அவரே. நாலாம் வயதில் அவரை "ஊமை" என்று முடிவு கட்டினோர் எத்தனை பெயரோ!

இங்கே ஒன்று சொல்லுதல் கடன். பொறுமை வேறு; அசட்டை வேறு. இரண்டு வயது கடந்தும் சொல் வாராத பிள்ளையை, அழைத்தாற் றிரும்பாத பிள்ளையை, முகம் பாராத பிள்ளையை, "வரும் வரும்" என்று வாளா விட்டிருத்தல் தவறு. செவிப்புலக் குறைவாயிருக்கலாம், வேறு குறையாயிருக்கலாம். காலத்தே மருத்துவரிடங் காட்டுதல் பெற்றோர் கடமை. மருந்தும் பயிற்சியும் திருவருளுக்கு மாறானவையல்ல.

இனி, நம் கடமையை இன்னும் நெருங்கிக் காட்டும் ஆராய்ச்சிகள் இரண்டுள. 1961ஆம் ஆண்டிலே ஆல்பர்ட் பண்டூரா முதலியோர் அமெரிக்காவிலே ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த பாலர் பாடசாலையில் 72 குழந்தைகளை ஆராய்ந்தனர். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பாவையொன்றை அடித்தும் உதைத்தும் வைதும் காட்டியதைக் கண்ட குழந்தைகள், பின்னர் விளையாட விடப்பட்டபோது அவ்வடிகளையும் அவ்வசைகளையும் அவ்வாறே செய்தன. 1965இல் அவர் அதனை மேலும் ஆராய்ந்தார். அடித்தவர் தண்டிக்கப்பட்டதைக் கண்ட குழந்தைகள் அச்செயலைக் குறைவாகவே செய்தன. ஆனால் "நீ கண்டதைச் செய்துகாட்டினாற் பரிசு தருவோம்" என்றபோது, அவையும் மற்றையவற்றைப்போலவே செய்துகாட்டின. இதனாற் பெறப்படுவது யாது? தண்டனைக்கு அஞ்சிப் பிள்ளை செய்யாதிருப்பினும், கற்றது உள்ளே உறைந்தே கிடக்கும். காலம் வாய்க்குமிடத்து வெளிப்படும். தம்பியை அடித்த பிள்ளையை நாம் பிரம்பால் அடிக்கும்போது, அடிக்கலாகாது என்பதை நாவினாலும், வலியவன் அடிக்கலாம் என்பதைக் கையினாலும் கற்பிக்கின்றோம். பிள்ளை இரண்டனையும் கற்கின்றது. பின்னையதை நெடுங்காலம் மறவாது.

மற்றையது, 1970இல் பிரையன், வால்பெக் என்பார் செய்தது. விளையாட்டில் வென்ற பரிசுகளை வறியோர்க்கு ஈதல் நன்று என்று வாயாற் போதித்துத் தாம் ஈயாதோரையும், போதியாது ஈந்தோரையும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் காணும்படி செய்தனர். ஈகை விடயத்திற் பிள்ளைகள் பின்பற்றியது செயலையே. போதனை அவர் கையை அசைக்கவில்லை. உரையும் காட்சியும் முரணுமிடத்து அறிஞர் ஐயுறுவர். குழந்தையோ ஐயுறாது காட்சியையே பற்றும். ஆதலின் பொய் சொல்லாதே என்று போதித்துவிட்டு, வாயிலில் வந்த கடன்காரருக்கு "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லும்படி பிள்ளையை அனுப்பும் தந்தை, அறநூல் முழுவதையும் ஒரு கணத்திற் கிழித்தெறிகின்றார்.

எம் இளமைப் பயிற்சி பாதிரிமார் நிறுவிய பாடசாலையொன்றில் நிகழ்ந்தது. அங்கே மனனஞ் செய்த ஆங்கிலப் பாட்டுக்களிற் பல மறந்துபோயின. மணியடிக்குமுன் வந்து வகுப்பின் வாயிலில் நிற்கும் ஓராசிரியரின் ஒழுங்கும், பிழைவிட்ட மாணாக்கனைப் பிறர்முன் இகழாது பக்கத்தில் அழைத்துத் திருத்திய அவரது பண்பும் இன்றும் மறக்கவில்லை. அவர் சமயம் வேறு, எம் சமயம் வேறு. அவரிடத்துக் கற்ற ஒழுக்கமோ எச்சமயத்தார்க்கும் உரியது.

ஈண்டு ஒரு தடை நிகழும். "பிள்ளையின் குணம் பழவினைப் பயன், திருஞானசம்பந்தர் மூவாண்டிலே பாடினார், சண்டேசுரர் பாலப்பருவத்திலே மணலிற் சிவலிங்கம் அமைத்துப் பாலாட்டினார், முற்பிறப்பு வழிபாட்டின் தொடர்ச்சியே அவ்விளையாட்டு என்று சேக்கிழார் பெருமானும் அருளினார். அங்ஙனமாயின் பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கிடந்தது யாது?" என்பர் சிலர்.

அதற்கு விடை கூறுதும். வினை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. வித்து நிலத்திலே கிடப்பினும் நீரும் ஒளியும் சார்ந்தாலன்றி முளையாது. மணலாற் கோயில் செய்தற்குச் சண்டேசுரரும் தம் ஊரிலே கோயிலைக் கண்டிருத்தல் வேண்டுமன்றோ? ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைப் படிகம் தன்னிறமாகக் காட்டுவதுபோல, இளம்பிள்ளை தான் சார்ந்தாரின் குணத்தைத் தன் குணமாகக் காட்டுகின்றது. ஆயினும் படிகம் சடம், ஆன்மாவோ அறிவுடையது. பருவம் முதிர முதிர, இது தக்கது, இது தகாதது என்று பகுத்துச் சார்பை மாற்றிக்கொள்ளும் வன்மை அதற்கு உண்டாகின்றது. எனவே, பொறுப்பும் பருவத்தோடு இடமாறுகின்றது. இளமையிலே பிள்ளையின் குற்றம் பெரும்பாலும் மூத்தோரைச் சாரும். வளர வளர அது பிள்ளையின் கைக்கு மாறும். நாட்டுச் சட்டமும் இதனை ஒப்புகின்றது. 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை முன்னர் 8 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயலைக் குற்றமெனக் கொள்ளாதிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வெல்லையை 12 வயதாக உயர்த்தி, 12 முதல் 14 வரையுள்ளார் விடயத்தில் அவரது அறிவு முதிர்ச்சியை நீதிபதி ஆராயவும் இடந்தந்தது.

இவ்வாராய்ச்சி நம் கரையோரத்துக்கு எவ்வாறு பயன்படும்? பாண்டிருப்பும் மருதமுனையும், காரைதீவும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. கோயில் மணியும் பள்ளிவாசற் பாங்கும் ஒரே காற்றிலே கலந்து வருகின்றன. 1980களிலும் 1990களிலும் நிகழ்ந்த கலகங்களிலே இரு சாராரும் உயிரும் உடைமையும் இழந்தனர். அக்காலத்தை அறியாத பிள்ளைகளின் நெஞ்சிலும் இன்று ஐயமும் வெறுப்பும் காணப்படுவது எங்ஙனம்? எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. அயலூரார் பெயர் வந்தபோது தந்தையின் முகம் சுருங்கியதைப் பிள்ளை கண்டது. அவர் கடையைத் தாண்டிச் சென்று தொலைவிலே பொருள் வாங்கியதைக் கண்டது. விருந்தினர்முன் ஒரு சொல்லும் அவர் போனபின் வேறு சொல்லும் பேசியதைக் கேட்டது. பகைமை என்னும் பாடம் இங்ஙனமே புத்தகமின்றிப் படிக்கப்படுகின்றது. அவ்வாறே, சுகமில்லாத அயலவர் வீட்டுக்குத் தாய் கஞ்சி கொடுத்தனுப்புதலைக் கண்ட பிள்ளை அன்பென்னும் பாடத்தையும் புத்தகமின்றியே படிக்கின்றது.

காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனையிலே மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பிலே கத்தோலிக்கரது அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். அதனால் அவர் தம் சமயத்தை இழந்தாருமல்லர். பிறர் சமயத்தை இகழ்ந்தாருமல்லர். பல சார்புகளிலிருந்து நல்லன கொள்ளும் வன்மை, தன் வீட்டிலே நல்லதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கே எளிதில் வாய்க்கும்.

கண்ணுக்குக் காட்டும் உபகாரத்தை ஆன்மா செய்கின்றது; ஆன்மாவுக்குக் காட்டும் உபகாரத்தையும் காணும் உபகாரத்தையும் இறைவன் செய்கின்றான் என்பர் சித்தாந்த நூலார். இறைவன் உயிர்களுக்குச் செய்யும் அவ்வுபகாரத்தின் சிறுநிழலே பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்குச் செய்வது. அவன் உயிர்களின் பக்குவம் நோக்கிக் காட்டுகின்றான். முதிராத உயிரை வெகுண்டு தள்ளுவதில்லை. நாமும் பருவம் நோக்கிக் காட்டுதல் வேண்டும். முதிராமைக்காகப் பிள்ளையை இகழ்தலாகாது. நாடொறும் நம் வீட்டிலே இரண்டு சின்னஞ்சிறு கண்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நாம் எதனைக் காட்டுகின்றோம் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தாமே வினாவுவாராக.